எந்த சர்வர் வேணும்?

கழக்கூட்டத்தில் என் பழைய அலுவலகத்துக்கு எதிரே ஒரு சாயாக்கடை உண்டு. ஓய்வு பெற்ற பிறகும் அவ்வப்போது அங்கே போய் உட்காருவேன். போன மாதம் போனபோது ஆதிரா என்னைப் பிடித்துக்கொண்டாள். நான் காலி செய்த நாற்காலியில் இப்போது அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள். உலகமே இருக்கிற பெரிய சமூக ஊடகத் தளத்தை விட்டுவிட்டு நான் ஏதோ ஒரு மூலைக்குப் போய்விட்டேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அவிடெ ஆரும் இல்லல்லோ மேடம்!" என்றாள் மலையாளத்தில். ஆளே இல்லாத இடத்தில் இந்தக் கிழவி யாரோடு பேசுகிறாள் என்று அவளுக்கு உண்மையாகவே கவலை.

"முதல்ல சாயா குடி, ஆறிடும்" என்றேன். அவள் கேட்டதற்குப் பதில் ஒரு சாயாவுக்குள் அடங்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் கோமதி. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், பிறந்து வளர்ந்து வாழ்க்கைப்பட்டதெல்லாம் ஸ்ரீவராகத்தில். கணிதம் படித்து, கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய், ஐ.டி. பார்க்கில் கட்டடங்களைவிடப் பாம்புகள் அதிகமாக இருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த வாரமே சொல்லிவிட்டார்கள்: நீ ப்ரோக்ராம் எழுத வேண்டாம், எழுதியவர்களிடம் குறை கண்டுபிடி, போதும். கடைசி நாள் வரை அதைத்தான் செய்தேன். வீட்டில் இலவசமாகச் செய்வதை அங்கே சம்பளத்துக்குச் செய்கிறாள் என்பார் என் வீட்டுக்காரர்.

குறை சொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில், நான் என்ன செய்தேன் என்பதை வரிசையாக எழுத வேண்டும். அடுத்து, என்ன நடந்திருக்க வேண்டும். அதற்கடுத்து, என்ன நடந்தது. கடைசியாக, இது எவ்வளவு மோசம். உரிச்சொல் எதுவும் கூடாது. 'இதை எழுதியவனைக் கட்டி வைத்து உதைக்க வேண்டும்' என்பது பிழை அறிக்கை ஆகாது. ஒருமுறை எழுதிப் பார்த்தேன், திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இந்த அறிக்கைகளெல்லாம் தினமும் காலையில் ஒரு கூட்டத்துக்குப் போகும். அதற்குத் தலைமை தாணு சார். முழுப் பெயர் தாணுமாலயன், நாகர்கோவில்காரர். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. ஒரு தட்டில் பழம்பொரி என்கிற நேந்திரம்பழ பஜ்ஜியும் பக்கத்தில் மடித்த காகிதமும் வைத்துக்கொண்டு உட்காருவார். ஒவ்வொரு பிழையையும் நான் வாசிக்க வாசிக்க, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பார். இன்று இந்த மனிதர் மனம் இரங்கிவிட்டார் என்று நமக்கே தோன்றும். வாசித்து முடித்ததும் காகிதத்தில் விரலைத் துடைத்துக்கொள்வார்.

"கோமதி, நீ சொல்லது எல்லாம் சரிதான், கேட்டியா. ஆனா அது அப்பிடித்தான் இருக்கும்."

பிழை மூடப்பட்டது. காரணம்: வடிவமைத்தபடியே வேலை செய்கிறது.

சந்திப்பு நேரத்தை ரத்து செய்யும் திரை ஒன்று இருந்தது. 'ரத்து செய்யவா?' என்று கேட்டுக் கீழே இரண்டு பொத்தான்களைக் காட்டும். ஒன்றில் 'சரி', இன்னொன்றில் 'ரத்து'. ரத்து செய்ய வந்தவன் எதை அமுக்குவான் என்று கேட்டேன். "விவரமுள்ளவன் சரியா அமுக்குவாம்மா" என்றார். இன்னொரு படிவம் குடும்பப் பெயர் இல்லாமல் நகராது, குறைந்தது இரண்டெழுத்து வேண்டும் என்று அடம் பிடிக்கும். நம் ஊரில் பாதிப் பேருக்கு இருப்பது ஒற்றை எழுத்து இன்ஷியல். எஸ் என்று போட்டால் சிவப்புக் கோடு விழும். கடைசியில் எஸ்எஸ் என்று போட்டேன். அந்த மென்பொருளைப் பொறுத்தவரை எனக்கு இன்றைக்கும் இரண்டு அப்பா. தாணு சாரும் தன் பெயரை அதில் 'தாணு தாணு' என்றுதான் பதிந்திருந்தார். அப்படியும் அந்தப் பிழையை மூடினார்.

இப்படி வருஷக்கணக்கில் போனது. நான் திறப்பேன், அவர் மூடுவார். பகை எதுவும் கிடையாது. அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் போயிருக்கிறேன், பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரில் எழுத்துப்பிழை இருந்ததைச் சொல்லிவிட்டும் வந்திருக்கிறேன்.

என் வேலையின் கடைசி வருஷங்களில் எங்கள் கம்பெனி டயாலிசிஸ் மையங்களுக்கு முன்பதிவு மென்பொருள் செய்து கொடுத்தது. சிறுநீரகம் பழுதானவர்கள் வாரத்தில் சில நாள் வந்து, இயந்திரத்தோடு நான்கு மணி நேரம் படுத்துக் கிடந்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போக வேண்டும். ஒரு முறை தவறினாலும் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். மையத்தில் இயந்திரம் கெட்டாலோ தண்ணீர் சுத்திகரிப்பு நின்றாலோ நேரம் மாறும், அதை உடனே எல்லாருக்கும் சொல்லியாக வேண்டும். அறிவிப்பு வசதி அடுத்த பதிப்பில் வரும் என்று ஒவ்வொரு பதிப்பிலும் சொல்லிக்கொண்டிருந்தோம். அதற்குள் எங்கள் விற்பனைத் தலைவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பெரிய தளத்தில் மையத்துக்கு ஒரு பக்கம் தொடங்கிவிட்டால் காசில்லாமல் காரியம் முடியும், ஒரு தடவை போட்டால் எல்லாருக்கும் போய்ச் சேரும். மையத்தின் வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு அதைக் கற்றுக்கொடுத்ததும் எங்கள் ஆட்கள்தான்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ராமசேஷன் மாமா இருந்தார். டிரஷரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வாய் மட்டும் ஓய்வு பெறவில்லை. அவர் சம்சாரம் விசாலம் மாமிக்கு அப்படி ஒரு மையத்தில்தான் டயாலிசிஸ். ஒரு சனிக்கிழமை காலை மாமா ஃபோனை நீட்டிக்கொண்டு என் வீட்டுக்குள் வந்தார்.

"கோமதி, இதைப் பாரு. நேத்து ராத்திரிதான் இது என் கண்ணுல படறது."

மையத்தின் அறிவிப்பு அது. தண்ணீர் பிளான்ட் பழுது, வியாழக்கிழமைக்காரர்கள் எல்லாரும் புதன் மாலையே வந்துவிட வேண்டும். போட்டது செவ்வாய்க்கிழமை. அதற்கு மேலே ஒரு மெத்தை விளம்பரம் இருந்தது, அதற்கும் மேலே யாரோ ஒருவருடைய நாய்க்குட்டியின் பிறந்த நாள். தளம் செய்திகளைத் தேதி வரிசையில் காட்டாது. நமக்கு எது பிடிக்கும் என்று அதுவே முடிவு செய்து அடுக்கும்.

"வியாழக்கிழமை இவளைக் கூட்டிண்டு போறேன், கதவு பூட்டியிருக்கு" என்றார் மாமா. "வெள்ளிக்கிழமை விடியறதுக்குள்ள மூச்சு விட முடியலை. மெடிக்கல் காலேஜுக்குத் தூக்கிண்டு ஓடினேன். அங்க அவசரமா மெஷின்ல போட்டா. பொழைச்சா." ஃபோனை மறுபடி என் முகத்துக்கு நேரே நீட்டினார். "நாய்க்குட்டி பொறந்தது முக்கியமாக்கும்? எனக்கு நாயே ஆகாதும்மா."

திங்கட்கிழமை அலுவலகம் போனதும் பிழை அறிக்கை எழுதினேன். செய்தது: மையம் அறிவிப்புப் போட்டது. நடந்திருக்க வேண்டியது: நோயாளி வீட்டார் அன்றே பார்த்திருக்க வேண்டும். நடந்தது: மூன்று நாள் கழித்துப் பார்த்தார்கள். எவ்வளவு மோசம் என்ற இடத்தில் எங்கள் மென்பொருள் தரும் தேர்வுகளில் 'மிக அதிகம்' என்பதற்கு மேல் எதுவும் இல்லை. அதையே போட்டேன்.

தாணு சார் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். விரலைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தம்மா இப்ப எப்பிடி இருக்கா?"

"வீட்டுக்கு வந்துட்டாங்க சார்."

"நல்லது. ஆனா கோமதி, இது நம்ம சாஃப்ட்வேர் இல்லியே. ஊரான் தளத்துல உள்ள பிழைய நாம எப்பிடி எழுதிகிட?"

"அந்தத் தளத்துல போடச் சொன்னது நாம சார்."

மூடினார். நான் மறுபடி திறந்தேன். சாயங்காலம் மூடினார். மறுநாள் காலை திறந்தேன். இதற்கு முன் ஒரு பிழையை நாங்கள் இருவரும் இத்தனை தடவை புரட்டியதில்லை. மற்ற பையன்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். வியாழக்கிழமை அவரே என் மேசைக்கு வந்தார்.

"தளம் அன்னைக்கே காட்டாதுன்னு நீ சொல்லதுக்கு ருசு வேணும்லா. ஒரு தடவ நடந்தது தற்செயலா இருக்கலாம். திரும்ப நடத்திக் காட்டு."

அதுவும் முறைதான். திரும்ப நடத்திக் காட்ட முடியாத பிழை, பிழை அல்ல. எங்கள் அலுவலகத்துக்கும் அதே தளத்தில் ஒரு பக்கம் இருந்தது, எல்லாரும் அதில் இருந்தார்கள். தாணு சார் தன் ஃபோனில் தானே தட்டினார்: 'இன்று நாலு மணிக்குக் கேன்டீனில் அனைவருக்கும் பழம்பொரி. செலவு என்னுடையது.' கேன்டீன்காரரிடமும் சொல்லி வைத்தார்.

நாலு மணிக்கு நாங்கள் இருவரும் மலை போல் குவிந்த பழம்பொரிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். மூன்றே பேர் வந்தார்கள். அதில் ஒருவர் தண்ணீர் குடிக்க வந்தவர். தாணு சார் இலவசமாகப் பழம்பொரி தருவது அந்தக் கட்டடத்தில் அதுவரை நடக்காத காரியம். தெரிந்திருந்தால் பக்கத்துக் கம்பெனியே வந்திருக்கும். திங்கட்கிழமை ஒரு பையன் வந்து, "சார், நாலு மணிக்கல்லே?" என்று கேட்டான். செவ்வாய் இரண்டு பேர். அடுத்த வாரமும் ஒருத்தி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

தாணு சார் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பழம்பொரின்னா பரவால்ல" என்றார். அன்றைக்கு அந்தப் பிழையை மூடவில்லை.

அப்புறம் மாற்று என்ன என்று யோசித்தோம். குறுஞ்செய்திக்கு அனுமதி வாங்கி வருவதற்குள் அடுத்த பழுதே வந்துவிடும் போல இருந்தது. அரட்டைக் குழு ஒன்று ஏற்கெனவே இருந்து கெட்டுப்போயிருந்தது. எல்லாருடைய நம்பரும் எல்லாருக்கும் தெரிந்ததால் மூலிகை மருந்து விற்பவர்கள் நோயாளிகளைத் தேடித் தேடி அழைத்தார்கள். காலை வணக்க ரோஜாக்களுக்கு அடியில் முக்கியமான செய்தி புதைந்துபோகும்.

வழி சொன்னவன் ஷிபு. எங்கள் கணினிகளைப் பராமரிப்பவன், ஆற்றிங்கல்காரன், பேசுவது குறைவு. உலகத்தில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு வலை இருக்கிறது என்றான். மின்னஞ்சல் மாதிரி. அவரவர் தனித்தனியாக, சர்வர் என்ற பெயரில், சின்னச் சின்ன வீடு கட்டிக்கொள்ளலாம், எந்த வீட்டில் இருப்பவரும் எந்த வீட்டில் இருப்பவரோடும் பேசலாம். விளம்பரம் கிடையாது. செய்தி வந்த வரிசையில்தான் தெரியும். வீட்டைப் பிடிக்கவில்லை என்றால் வேறு வீட்டுக்குக் குடி போகலாம், நம்மைப் பின்தொடர்கிறவர்களும் கூடவே வந்துவிடுவார்கள்.

"சேச்சி பேடிக்க வேண்டா. மெஷின் ஞான் நோக்கிக்கோளாம்" என்று பயத்தைப் போக்கி, கணினியைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னான்.

தாணு சார் ஒரு பழைய கணினியை ஒதுக்கிக் கொடுத்தார். விற்பனைத் தலைவர் இதென்ன கூத்து என்று கேட்டதற்கு, "சோதனை நடக்கு" என்று மட்டும் சொன்னார். அந்தச் சோதனை மூன்று வருஷம் நடந்தது.

குடி மாற்றியதுதான் பெரும்பாடு. மையத்தின் வரவேற்பறையில் ஒரு மேசை போட்டுக்கொண்டு, நோயாளிகள் உள்ளே படுத்திருக்கும் நேரத்தில் அவர்கள் வீட்டாரை ஒவ்வொருவராகச் சேர்த்தேன். ராமசேஷன் மாமாதான் முதல் ஆள். செயலியைத் திறந்ததும் அது கேட்ட முதல் கேள்வியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எந்த சர்வர் வேணும்ங்கறது. ஹோட்டலா இது? யார் கொண்டு வந்து வெச்சா என்ன, காப்பி சூடா இருந்தாப் போறும்."

அறையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்காதவள் நான் ஒருத்திதான், ஏனென்றால் அவர் சொன்னது சரி. முதல் முறை வருகிறவரிடம் போய், பட்டியலைக் காட்டி, ஆயிரம் வீட்டில் எந்த வீடு என்று கேட்பது எந்த ஊர் மரியாதை? அதைக் குறித்துக்கொண்டேன். அடுத்து, 'ஏன் சேர விரும்புகிறீர்கள்?' என்று கேட்டது. மாமா, 'கோமதி சேரச் சொன்னாள்' என்று எழுதினார். கடவுச்சொல்லில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் வேண்டும் என்றது. "கோயில் நிலவறைக்கே இத்தனை பூட்டு கிடையாதும்மா" என்றார். முகவரியில் இரண்டு '@' குறி இருப்பதைப் பார்த்து, ஒன்றைக் கைமறதியாகக் கூடுதலாகப் போட்டுவிட்டேன் என்று எனக்குத் திருத்தம் சொன்னார். இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு சண்டை. எல்லாவற்றையும் முறைப்படி எழுதி, அந்த மென்பொருளை இலவசமாக உருவாக்கும் தன்னார்வலர்களுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தேன். என் பெயரைப் பார்த்தாலே அவர்கள் ஒளிந்துகொள்ளும் நிலை வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

தாணு சாரும் சேர்ந்தார். மையத்துக்காக ஓர் உதவிக் குறிப்பை அவரே எழுதிப் போட்டார், அலுவலக நடையில், ஒரே வாக்கியமாக, மூச்சு விட இடமில்லாமல். அன்று இரவு மாமா எனக்குத் தனிச் செய்தி ஒன்று அனுப்பினார். தாணு சாரின் முகவரியையும் அதில் சேர்த்து எழுதியிருந்தார்: 'இந்த ஆள் உன் மேலதிகாரியாமே. எழுதினதில் ஒரு அட்சரம் புரியலை. சுத்த மண்டூகமாக இருப்பார் போல இருக்கே.'

அந்த மென்பொருளில் ஒரு வினோதம் உண்டு. தனிச் செய்திக்குள் யாருடைய முகவரியை எழுதினாலும் அவருக்கும் அது போய்விடும். மறுநாள் காலைக் கூட்டத்தில் தாணு சார் பழம்பொரியைத் தொடவில்லை.

"கோமதி, மண்டூகம்னா என்னது?"

"தவளை சார்."

"அப்போ திட்டுதாம்" என்று சொல்லித் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "ஒருத்தரப் பத்திப் பேசினா அவருக்கே போய்ச் சேருதது தப்புல்லா? இது பிழை. எழுது" என்றார்.

"நீங்களே எழுதுங்க சார். பாதிக்கப்பட்டது நீங்கதானே."

வாழ்க்கையில் முதல் முறையாக தாணு சார் ஒரு பிழை அறிக்கை எழுதினார். என்ன செய்தேன், என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது. மண்டூகம் என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டார். சில நாளில் எங்கோ தூர தேசத்திலிருந்து ஒரு தன்னார்வலர் பதில் போட்டார். வடிவமைத்தபடியே வேலை செய்கிறது, மூடப்பட்டது.

அதை அவர் இரண்டு தடவை வாசித்தார். 'அது அப்பிடித்தான் இருக்கும்' என்று சொல்லாமல் இருப்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு என் பிழைகளை மூடும்போது ஏன் மூடுகிறேன் என்று இரண்டு வரி எழுத ஆரம்பித்தார். சிலவற்றை மூடாமலும் விட்டார். ரத்துப் பொத்தானின் பெயர் மாறியது அந்த மழைக்காலத்தில்தான்.

அதே மழைக்காலத்தில் மையத்துக்குள் தண்ணீர் புகுந்தது. காலை நேரக்காரர்கள் எல்லாரும் வேறு மையத்துக்கு உடனே போக வேண்டும் என்று வரவேற்புப் பெண் அறிவிப்புப் போட்டாள். மாமா அப்போது பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வரிசையில் நின்றுகொண்டிருந்தார். ஃபோன் அடித்ததும் தேங்காயும் கையுமாக ஆட்டோவில் ஏறி, வீட்டுக்குப் போய் மாமியைக் கூட்டிக்கொண்டு சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அன்று ஒருவருக்குக்கூடத் தவறவில்லை. நோயாளிகள் பட்டியலில் ஒவ்வொரு பெயராக வரவேற்புப் பெண் சரிபார்த்து முடித்ததும் நான் கழிவறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன். சந்தோஷம்தான்.

விற்பனைத் தலைவருக்கு மட்டும் சந்தோஷம் இல்லை. பழைய பக்கத்தில் அத்தனை பேர் இருந்தார்கள், இங்கே கைப்பிடி ஆட்கள்தானே என்றார். "சார், அந்த அத்தனை பேருல கிட்னி போனவங்க எத்தனை பேரு?" என்று கேட்டேன். அவர் தாணு சாரைப் பார்த்தார். தாணு சார் காகிதத்தில் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அங்கே அறிவிப்புகள் மட்டும் இல்லை, பேச்சும் வளர்ந்தது. முக்கியமாக விசாலம் மாமி. இயந்திரத்தோடு கிடக்கும் நேரமெல்லாம் ஒரு கை சும்மாதானே இருக்கிறது என்று எழுத ஆரம்பித்தார். நர்சுகளின் காதல், மாமாவின் சமையல், பக்கத்துப் படுக்கைக்காரரின் குறட்டை. வேறு வேறு ஊர்களில் இருந்து, வேறு வேறு வீடுகளில் இருந்தெல்லாம் ஆட்கள் அவரைப் பின்தொடர்ந்தார்கள். மதுரையில் புதிதாக டயாலிசிஸ் தொடங்கிய ஒரு பெண், பயமாக இருக்கிறது என்று எழுதியபோது மாமி எழுதினார்: 'ஊசி குத்தறச்சே அந்தப் பையனோட மூஞ்சியைப் பாரு. நம்மைவிட அவன்தான் பயந்துண்டிருப்பான்.'

அடுத்த வருஷம் ஐப்பசியில், துலா மழைக்காலத்தில், ஒரு காலை, மாமி எழுந்திருக்கவில்லை. அறிவிப்போ பிழையோ காரணம் இல்லை. உடம்பு போதும் என்றுவிட்டது.

அதற்குப் பிறகு தாணு சார் ஓய்வு பெற்றார், அவருக்குப் பின்னால் நானும் பெற்றேன். நான் வெளியே வரும் சமயத்தில் கம்பெனி டயாலிசிஸ் முன்பதிவு மென்பொருளையே இன்னொருவருக்கு விற்றுவிட்டது. எங்கள் பழைய கணினியை அணைத்துவிடப் போவதாகச் சொன்னார்கள். ஷிபு சொந்தமாக ஒரு சின்ன சர்வரை வாடகைக்கு எடுத்தான். எல்லாரையும் அங்கே குடி மாற்றினோம். அவன் சொன்னது நிஜம், பின்தொடர்கிறவர்கள் தாமாகவே கூட வந்தார்கள். ஒரு விஷயத்தை மட்டும் அவன் சொல்லவில்லை, நானும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆட்கள்தான் வருவார்கள். எழுதியது வராது.

மாமாவிடம் சொல்லப் போனேன். சமையலறையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அவ எழுதினதெல்லாம்?"

"அந்த மெஷினை அணைச்சா போயிடும் மாமா. ஆனா எல்லாத்தையும் ஒரு கோப்பா எடுத்து வெச்சுக்கலாம். எடுத்துட்டேன்."

மடிக்கணினியைத் திறந்து காட்டினேன். அடைப்புக்குறி, மேற்கோள் குறி, எண்கள், மறுபடி அடைப்புக்குறி. தமிழ் எழுத்துகள்கூட வெறும் குறியீட்டு எண்களாகக் கிடந்தன. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குனிந்து, திரையில் விரலை வைத்து மேலிருந்து கீழே தேடினார்.

"இதுல அவ எங்கம்மா இருக்கா?"

இத்தனை வருஷம் குறை எழுதிய எனக்கு அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வெளியே வந்து தெருவில் நின்றே தாணு சாரை அழைத்தேன். யாரை அழைப்பது என்று யோசிக்கக்கூட இல்லை. கேட்டுக்கொண்டார். "கோப்ப அனுப்பு" என்றார். அவர் ப்ரோக்ராம் எழுதி எத்தனையோ காலம் ஆயிற்று.

ஒரு வாரம் கழித்து நாகர்கோவிலிலிருந்து பஸ் ஏறி ஸ்ரீவராகம் வந்தார். மாமாவும் அவரும் நேரில் சந்தித்தது அன்றுதான். மாமாதான் கதவைத் திறந்தார்.

"நான்தான் அந்தத் தவளை" என்றார் தாணு சார்.

மாமா கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். காப்பி வந்தது. தாணு சார் மாமாவின் ஃபோனை வாங்கி ஏதோ செய்து திருப்பிக் கொடுத்தார். மாமி எழுதியதெல்லாம் தேதி வாரியாக, பெரிய எழுத்தில், ஒரு பக்கமாக இருந்தது. மாமா வாசிக்கத் தொடங்கினார். வெகு நேரம் வாசித்தார். நாங்கள் இருவரும் காப்பியைக் குடித்து முடித்தோம். ஓரிடத்தில் நின்று சத்தமாகப் படித்தார்.

"'இன்னிக்கு இவர் வெச்ச ரசத்தில் உப்பும் இல்லை, புளியும் இல்லை. வெந்நீரில் தக்காளி குளிச்சுட்டுப் போயிருக்கு.'" தலையை நிமிர்த்தினார். "இதைப் போய் ஊரெல்லாம் படிச்சிருக்கா! உப்பு ஆகாதுன்னு டாக்டர் சொன்னார், நான் என்ன பண்ணுவேன்? இதுக்குப் பதில் எழுதணுமே. எங்க எழுதறது?"

"அதுக்கு இதுல வழி இல்லியே" என்று தொடங்கிய தாணு சார் பாதியில் நிறுத்திக்கொண்டார். பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து உணவு மேசையில் வைத்தார். மாமா இன்னொரு காப்பி போட்டார், அதற்கப்புறம் சாப்பாடும் போட்டார். மத்தியானம் சாய்வதற்குள் மாமி எழுதிய ஒவ்வொன்றுக்கும் அடியில் பதில் எழுத ஒரு கட்டம் வந்திருந்தது.

மாமா ஃபோனை மடியில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். டாக்டர் உப்பு கூடாது என்று சொன்னது, புளியும் அளவாகத்தான் என்று சொன்னது, அப்படியிருந்தும் அவள் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டது, எல்லாவற்றையும் எழுதினார். எழுதி முடித்துத் திரையில் இங்கும் அங்கும் தேடினார்.

"அனுப்பற பட்டன் எங்க?"

எட்டிப் பார்த்தேன். பொத்தான் இருந்தது. விசைப்பலகைக்கு அடியில் மாட்டிக்கொண்டு அதன் தலை மட்டும் துளி தெரிந்தது. நான் தாணு சாரைப் பார்த்தேன்.

"பாத்துட்டேன், பாத்துட்டேன்" என்றார் அவர், மடிக்கணினியை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டே. "ஒரு நிமிஷம் இரியும் ஓய். மேல கொண்டாந்து வைக்கேன்."